கணினித் தலைமுறைகள்: ஆண்டுக் கணக்கு சரியா, மேசையில் எதை வைத்துக் காட்டுவது?

#1 தெம்பனிஸ்_குமரன்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நடக்கும் தமிழ் அறிவியல் நாளுக்கு "கணினி: வரலாறும் தலைமுறைகளும்" என்று ஒரு மேசை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆறடி மேசை, பின்னால் ஒரு பலகை, 230 வோல்ட் பிளக் ஒன்று. வருகிறவர்கள் பெரும்பாலும் உயர்நிலை 1, 2 மாணவர்கள், கூடவே பெற்றோர். செலவு 150 வெள்ளியைத் தாண்டக் கூடாது.

பலகைக்கு வழக்கமான அட்டவணையைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் தலைமுறை வெற்றிடக் குழாய் (வால்வு) 1946–59, இரண்டாவது டிரான்சிஸ்டர் 1959–65, மூன்றாவது ஐசி (ஒருங்கிணைந்த சுற்று) 1965–71, நான்காவது மைக்ரோபிராசசர் 1971–80, ஐந்தாவது செயற்கை நுண்ணறிவு 1980 முதல். பக்கத்திலேயே வேகம், துல்லியம், சேமிப்பு, சோர்வின்மை, பலதிறன் என்று கணினியின் பண்புகள். ஆனால் இதை அப்படியே ஒட்டினால் எந்தப் பிள்ளையும் நின்று படிக்காது. ஆண்டுகள் சரிதானா, கையால் தொட்டுப் பார்க்க எதை வைக்கலாம், அந்தப் பண்புகளைத் தலைமுறைகளோடு எப்படிச் சேர்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பொங்கோல்_கவிதா

குமரன், ஆண்டுகளை இவ்வளவு கறாராகப் போடாதீர்கள். இந்த எல்லைகள் பிற்காலத்தில் பாடநூலுக்காக இழுக்கப்பட்ட கோடுகள். மூன்றாம் தலைமுறைக்கு எல்லாரும் காட்டும் எடுத்துக்காட்டு ஐபிஎம் சிஸ்டம்/360. அது அறிவிக்கப்பட்டது 1964 ஏப்ரல் 7. அதற்குள் இருந்தது முழுமையான ஐசியே கிடையாது. அரை அங்குலச் சதுரப் பீங்கான் தகட்டில் தடைகளை அச்சிட்டு, அதன்மேல் தனித்தனி டிரான்சிஸ்டர், டயோடு துணுக்குகளைப் பதித்த கலப்பு வகை. ஒரே சிலிக்கான் துண்டில் மொத்தச் சுற்றும் அமைந்த ஐசி அந்த நிறுவனத்தின் பெரிய கணினிகளில் பரவலானது 1970இல் தொடங்கிய சிஸ்டம்/370 வரிசையில்தான். 1965இல் வந்த பிடிபி-8 என்ற சிறு கணினி அட்டவணைப்படி மூன்றாம் தலைமுறை, உள்ளே பார்த்தால் தனித்தனி டிரான்சிஸ்டர்.

"முதல் கணினி எனியாக்" என்றும் ஒற்றை வரியில் எழுத வேண்டாம். கொன்ராட் சூசே ஜெர்மனியில் ரிலே எனும் மின்காந்தச் சுவிட்சுகளைக் கொண்டு இசட்3 கணினியை 1941இலேயே இயக்கிக் காட்டினார். பிரிட்டனில் டாமி ஃபிளவர்ஸ் அமைத்த கொலோசஸ் 1944இல் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பணியில் இருந்தது. ரகசியம் என்பதால் 1970கள் வரை வெளியே தெரியவில்லை. அமெரிக்காவிலேயே அட்டனசாஃப்–பெரி இயந்திரம் எனியாக்குக்கு முந்தியது. 1973இல் நீதிமன்றம் எனியாக்கின் காப்புரிமையைச் செல்லாது என்று தீர்த்ததற்கு அது முக்கியக் காரணம். "மின்னணு முறையில் இயங்கிய, பல வேலைக்கும் பயன்பட்ட முதல் பெரிய கணினி" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

என் யோசனை இது: ஆண்டுக்குப் பதிலாக, "இந்தத் தலைமுறை எதில் முட்டி நின்றது?" என்று ஒவ்வொரு பலகையிலும் ஒரு கேள்வி வையுங்கள். வால்வு சூட்டிலும் பழுதிலும் முட்டியது. டிரான்சிஸ்டர் கணினிக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கையால் பற்றவைக்க வேண்டியிருந்தது. ஐசிக்கு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சில்லு வடிவமைக்க வேண்டியிருந்தது. அடுத்த தலைமுறை எதற்காக வந்தது என்பது பிள்ளைகளுக்குத் தானாகப் புரியும்.

#3 வால்வு_வேலன்

கவிதா டீச்சர் சொன்ன "எதில் முட்டியது" என்பதை வால்வில் கண்ணால் காட்டலாம். 6எஸ்என்7 என்ற இரட்டை டிரையோடு, அதாவது ஒரே குழாய்க்குள் இரண்டு வால்வு உள்ளது, வாங்குங்கள். எனியாக்கின் எண்ணிகளில் இருந்த அதே வகை. ஒலிபெருக்கி செய்பவர்கள் இன்றும் பயன்படுத்துவதால் பழையது, புதியது இரண்டும் கிடைக்கும். எட்டுக் கால் சாக்கெட் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.

வாங்கும்போது கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளி போலப் பளபளக்கும் பூச்சைப் பாருங்கள். மிச்சமுள்ள காற்றை உறிஞ்சுவதற்காகப் பூசப்பட்டது அது. அது பால்வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று உள்ளே புகுந்துவிட்டது, வால்வு போய்விட்டது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

இழை மட்டும் எரிந்தால் போதும். 7, 8ஆம் கால்களில் 6.3 வோல்ட் கொடுங்கள், 0.6 ஆம்பியர் இழுக்கும். பிளேட் எனும் உள்தகட்டுக்கு வழக்கமாக 150 முதல் 250 வோல்ட் வரை வேண்டும். பிள்ளைகள் கைவைக்கும் மேசையில் அந்தப் பேச்சே வேண்டாம். அடாப்டர் எதுவானாலும் பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு சிக்கல் வரும். இழை சூடாக இருக்கும்போது அதன் தடை 10.5 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் சிறு பங்குதான். அதனால் போட்ட கணத்தில் மின்னோட்டம் பல மடங்கு பாயும். சரியாக 0.6 ஆம்பியர் அடாப்டர் வைத்தால் பாதுகாப்புச் சுற்று வெட்டி வெட்டி விடும், வால்வு எரியவே எரியாது. 2 ஆம்பியர் தரக்கூடியதாக எடுங்கள்.

அந்தப் பாய்ச்சலைத்தான் பலகையில் விளக்க வேண்டும். எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள். பெரும்பாலான பழுதுகள் சூடேறும்போதும் ஆறும்போதும் வந்தன. அதனால் வேலை இல்லாவிட்டாலும் அணைக்காமலே வைத்திருந்தார்கள். எனியாக்கை வடிவமைத்த எக்கர்ட் வால்வுகளை அவற்றின் முழுத் திறனுக்கும் குறைவாகவே ஓட்டும்படி வடிவமைத்தார். இத்தனைக்குப் பிறகும் இரண்டு நாளுக்கு ஒரு வால்வு என்ற கணக்கில் போனது. 1954இல் பழுதின்றி ஓடிய மிக நீண்ட நேரம் 116 மணி. "சோர்வின்மை" என்ற பண்பை இந்த எண்ணின் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பண்பு பிறவியிலேயே வந்ததில்லை, பொறியாளர்கள் போராடிப் பெற்றது.

ஒரு கணக்கும் போட்டுக் காட்டலாம். ஒரு 6எஸ்என்7 இழைக்கு 3.78 வாட். எல்லா வால்வும் இதே வகை என்று வைத்துக்கொண்டால் 18,000க்கு 68 கிலோவாட், இழையைச் சிவக்க வைக்க மட்டும். எனியாக்கின் மொத்த மின்தேவை 150 கிலோவாட் அளவில் இருந்தது.

#4 ஈசூன்_ரஷீத்

வேலன் அண்ணன் 6எஸ்என்7 என்றதும் ஒன்று தோன்றுகிறது. அதில் இருக்கும் இரண்டு டிரையோடுகளையும் குறுக்காக இணைத்தால் ஒரு ஃபிளிப்ஃபிளாப். எக்கில்ஸும் ஜோர்டனும் 1918இல் காப்புரிமை கேட்ட சுற்று. ஒருவர் பேசினால் மற்றவர் வாயை மூடிக்கொள்ளும் இருவர் மாதிரி, ஒரு பக்கம் கடத்தினால் மறுபக்கம் அடைபட்டுவிடும். அதுதான் ஒரு பிட், 0 அல்லது 1. இதே சுற்று டிரான்சிஸ்டரிலும் இருக்கிறது, ஐசியிலும் இருக்கிறது, இன்றைய செயலிகளுக்குள் இருக்கும் கேஷ் எனும் அதிவேக நினைவகத்திலும் இருக்கிறது. மேசையில் இடமிருந்து வலமாக ஒரே பிட்டை நான்கு தலைமுறையில் வையுங்கள். சுற்று மாறவில்லை, அது அடைத்துக்கொள்ளும் இடம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

எனியாக்கில் ஒரே ஒரு தசம இலக்கத்துக்குப் பத்து ஃபிளிப்ஃபிளாப், சுற்றியுள்ள துணை வால்வுகளையும் சேர்த்து 36 வால்வு. பத்து இலக்க எண்கள் இருபதைத்தான் அதன் கூட்டிகளில் வைத்திருக்க முடிந்தது.

இரண்டாம் தலைமுறைக்கான சுற்று, 5 வோல்ட்டில்:

பிசி547 டிரான்சிஸ்டர் இரண்டு. அதன் மூன்று கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர். ஒவ்வொன்றின் கலெக்டரிலிருந்தும் 1 கிலோ ஓம் தடை +5க்கு. ஒவ்வொரு கலெக்டரிலிருந்தும் 10 கிலோ ஓம் தடை எதிர்ப்பக்க பேஸுக்கு. எமிட்டர் இரண்டும் தரைக்கு. பேஸுக்கும் தரைக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு அழுத்துப் பொத்தான். எல்இடியும் 470 ஓம் தடையும் தொடராக, அந்த 1 கிலோ ஓமுக்கு இணையாக.

இணையத்தில் கிடைக்கும் பல படங்களில் 1 கிலோ ஓம் இருக்காது, எல்இடியையே கலெக்டர் தடையாகப் போட்டிருப்பார்கள். அப்படிச் செய்தால் எதிர்ப்பக்க பேஸுக்குப் போகும் கால் மில்லி ஆம்பியர் அணைந்திருக்க வேண்டிய எல்இடி வழியாகவே போகும். இப்போதைய எல்இடிகளுக்கு அதுவே போதும், மங்கலாக எரியும். பிள்ளைகள் "இரண்டுமே எரியுதே" என்பார்கள். 1 கிலோ ஓம் போட்டால் அதன் குறுக்கே 0.4 வோல்ட்தான் விழும், எல்இடி முழுதாக அணையும்.

அடுத்தது கால் வரிசை. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, பிசி547க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 டிரான்சிஸ்டர் கிடைத்தால் அது அப்படியே தலைகீழ். மாற்றிப் போட்டாலும் எரிந்து போகாது, ஆனால் பெருக்கம் மிகக் குறைந்து, பொத்தானை விட்டதும் நிலை நிற்காது. சுற்று "மறக்கிறது" என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பாகங்கள் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்த் தேட வேண்டாம், அது கணினிக் கடை.

#5 காந்த_வளையம்

நினைவகத்தை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தலைமுறை மாற்றத்தில் பாதிக் கதை அங்கேதான். மான்செஸ்டரில் 1948 ஜூன் 21 அன்று ஓடிய "பேபி"தான் நினைவகத்தில் வைத்த நிரலை இயக்கிய முதல் மின்னணுக் கணினி. அதற்கு இருந்தது 32 பிட் சொற்கள் 32, அவ்வளவுதான். அவற்றை வைத்திருந்தது வில்லியம்ஸ் குழாய், அதாவது தொலைக்காட்சித் திரை போன்ற குழாயின் முகத்தில் மின்னூட்டப் புள்ளிகள். புள்ளிகள் கசிந்து மறையுமுன் மறுபடி மறுபடி எழுத வேண்டும். கேம்பிரிட்ஜில் மோரிஸ் வில்க்ஸ் 1949இல் இயக்கிய எட்சாக்கில் பாதரசக் குழாய்க்குள் ஒலி அலையாகப் பிட்டுகள் ஓடின.

பிறகு காந்த வளையம். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு ஃபெரைட் வளையம். குறுக்கும் நெடுக்கும் போகும் இரு கம்பிகளில் பாதிப் பாதி மின்னோட்டம். இரண்டும் சந்திக்கும் வளையத்தில் மட்டும் முழு அளவு கிடைத்துக் காந்தம் புரளும். படித்தால் அழிந்துவிடும், அதனால் படித்ததும் திரும்ப எழுத வேண்டும். மின்சாரம் போனாலும் விஷயம் நிற்கும், அதுதான் பெரிய வரம். இரண்டாம் தலைமுறையின் ஐபிஎம் 1401 இந்த நினைவகத்தில் 1,400 முதல் 16,000 எழுத்துகள் வரை வைத்தது.

பழைய சோவியத் வளையத் தகடுகள் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று வாங்கினால் அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து மேலே உருப்பெருக்கிக் கண்ணாடி பொருத்துங்கள். கம்பி கையால் கோத்தது, விரல் பட்டால் அறுந்துவிடும். பக்கத்தில் ஒரு பழைய டிடிஆர் மெமரி அட்டை. அதிலும் ஒவ்வொரு பிட்டும் கசியும் மின்னூட்டம்தான், பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் புதுப்பிக்க வேண்டும். வில்லியம்ஸ் குழாயின் வேலைமுறை சிலிக்கானில் திரும்பி வந்திருக்கிறது. இந்தத் தொடர்ச்சியை அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.

#6 தெம்பனிஸ்_குமரன்

ரஷீத் பாய், ஒரே பிட் என்ற யோசனையையே எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம், நான்காம் தலைமுறைக்கும் சுற்று கொடுங்கள். பலதிறன், துல்லியம் இந்த இரண்டையும் எங்கே வைப்பது என்றும் யாராவது சொல்லுங்கள்.

#7 ஈசூன்_ரஷீத்

மூன்றாவது: 74எச்சி00 ஐசி ஒன்று. 14 கால், 7 தரை, 14 +5. உள்ளே நான்கு நாண்ட் கதவுகள் (இரண்டு உள்ளீடும் 1 ஆனால் மட்டும் 0 தரும் சுற்று), இரண்டைக் குறுக்காக இணைத்தால் அதே ஃபிளிப்ஃபிளாப். பொத்தான் வரும் உள்ளீடு இரண்டுக்கும் 10 கிலோ ஓம் +5க்கு, பொத்தான் தரைக்கு. மிச்சமுள்ள இரண்டு கதவுகளின் நான்கு உள்ளீடுகளையும் தரையில் கட்டிவிடுங்கள். கட்டாமல் விட்டால் சீமாஸ் எனும் இவ்வகைச் சில்லின் உள்ளீடு அந்தரத்தில் அலையும், கைபட்டாலே நிலை மாறும், வீணாக மின்சாரமும் இழுக்கும். 14க்கும் 7க்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, காலுக்கு ஒட்டியே.

நான்காவது: 62256 நிலை ரேம், 28 கால். ஒரே சில்லில் 2,62,144 பிட், ஒவ்வொன்றுக்குள்ளும் அதே குறுக்கு இணைப்பு. அதில் ஒரே ஒரு பிட்டை மட்டும் நாம் பிடித்துக் காட்டுகிறோம். 28க்கு +5, 14 தரை. 20ஐயும் 22ஐயும் தரையில் கட்டுங்கள். 27ஐ 10 கிலோ ஓம் வழியாக +5க்கு, அதிலிருந்து ஒரு பொத்தான் தரைக்கு, அதுதான் "எழுது". 11ஆம் காலுக்கு ஒரு மாற்றுச் சுவிட்ச் 2.2 கிலோ ஓம் வழியாக, அதே காலிலிருந்து இன்னொரு 2.2 கிலோ ஓமும் எல்இடியும் தரைக்கு. அந்தத் தொடர் தடையை விட்டுவிடாதீர்கள். படிக்கும்போது சில்லே அந்தக் காலை இயக்கும், சுவிட்ச் எதிர்த்திசையில் இழுத்தால் இரண்டும் மோதும்.

முகவரிக் கால்கள் பதினைந்தையும் தரையில் கட்டியாக வேண்டும். ஒன்றை விட்டாலும் அது அலைந்து வேறு முகவரிக்குத் தாவும். எழுதிய பிட் காணாமல் போன மாதிரி இருக்கும், உண்மையில் அது பத்திரமாகப் பழைய இடத்தில் இருக்கும்.

பிள்ளைகளைச் சுவிட்சை மாற்றச் சொல்லுங்கள், எல்இடி அசையாது. "எழுது" பொத்தானை அழுத்தினால்தான் மாறும்.

டிரான்சிஸ்டர் பலகையின் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போடுங்கள், பெரும்பாலும் ஒரே பக்கம்தான் எரியும். இரண்டு டிரான்சிஸ்டரும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை, கொஞ்சம் வலுவான பக்கம் முந்திக்கொள்ளும். ரேம் பிட்டுக்கும் இதே கதைதான்.

#8 பொங்கோல்_கவிதா

பலதிறனை எனியாக்குக்கும் பேபிக்கும் நடுவே வையுங்கள். எனியாக் ஒரு நொடிக்கு 5,000 கூட்டல் போடும். ஆனால் புதுக் கணக்கு கொடுக்க வேண்டுமானால் கம்பிகளைப் பிடுங்கிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி அமைக்க நாள்கணக்கில் ஆகும். அந்த வேலையைச் செய்தவர்கள் கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்ற ஆறு பெண்கள். அவர்கள் பெயரைப் பலகையில் பெரிதாகப் போடுங்கள், மேசைக்கு மாணவிகளும் வருவார்கள். நிரலே நினைவகத்துக்குள் போன பிறகுதான் ஒரே இயந்திரம் காலையில் சம்பளப் பட்டியலும் மாலையில் வானிலைக் கணக்கும் போட முடிந்தது. வேகம் வந்து பிறகு பலதிறன் வந்தது. இந்த வரிசையை எந்த அட்டவணையும் காட்டுவதில்லை.

மூன்றாம் தலைமுறைப் பலகையில் நம் ஊரும் இருக்க வேண்டும். நேஷனல் செமிகண்டக்டர் 1968இல் இங்கே தொழிற்சாலை திறந்தது, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸும் பின்னாலேயே வந்தது. சில்லிலிருந்து காலுக்குப் போகும் மெல்லிய கம்பியை நுண்ணோக்கியில் பார்த்தபடியே இணைக்கும் பொருத்து வேலை, பெரும்பாலும் இளம்பெண்கள் செய்தது. வந்திருக்கும் பிள்ளைகளின் பாட்டிமார் சிலர் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும். 1982 முதல் சீகேட் இங்கே வன்வட்டுகளைத் தயாரித்தது. 1981இல் தேசியக் கணினி வாரியம், 1989இல் வணிக ஆவணங்களை மின்னணு முறையில் அனுப்பும் டிரேட்நெட்.

#9 உட்லண்ட்ஸ்_மதி

துல்லியத்துக்கு இரண்டு சோதனை. ஏதாவது ஒரு மடிக்கணினியில் பைத்தான் நிரல்மொழியைத் திறந்து 0.1 + 0.2 போடச் சொல்லுங்கள். 0.30000000000000004 என்று வரும். பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்று முடிவில்லாமல் நீள்வதுபோல, இரண்டடிமானத்தில் பத்தில் ஒன்று நீளும். ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். கணினி தவறவில்லை, கொடுத்த இடத்துக்குள் சரியாகத்தான் செய்திருக்கிறது.

இரண்டாவது, இயந்திரமே தவறியது. 1994இல் வெளிப்பட்ட பென்டியம் வகுத்தல் பிழை. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.333820449 வர வேண்டும், அந்தச் சில்லு 1.333739068 என்றது. வகுத்தலுக்கு உள்ளே வைத்திருந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டிருந்தன. சில்லுகளை மாற்றித் தர இன்டெல் 47.5 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியது. பாடநூலில் "கணினி தவறு செய்யாது" என்று படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

நான்காம் தலைமுறைக்கு எண்கள்: இன்டெல் 4004, 1971 நவம்பர், 2,300 டிரான்சிஸ்டர், 740 கிலோஹெர்ட்ஸ். ஜப்பானின் பிசிகாம் நிறுவனத்தின் கணக்குப்பொறிக்காகத் தொடங்கிய வேலை. அதை உருவாக்கிய ஹாஃப், மேசர், ஃபாஜின், ஷிமா நால்வரையும் சொல்லுங்கள், பல பலகைகளில் ஷிமாவை விட்டுவிடுகிறார்கள். அசல் 4004 சேகரிப்பாளர் விலைக்குப் போய்விட்டது. 40 கால் இசட்80 மைக்ரோபிராசசர் ஒன்றை வைத்தால் போதும்.

#10 தெம்பனிஸ்_குமரன்

ஐந்தாம் தலைமுறைக்கு என்ன எழுதுவது? பெற்றோர் சாட்ஜிபிடி பற்றிக் கேட்பார்கள்.

#11 காந்த_வளையம்

"ஐந்தாம் தலைமுறை" என்பது ஜப்பான் அரசின் ஒரு திட்டத்துக்கு வைத்த பெயர். 1982இல் தொடங்கி ஐகாட் என்ற ஆய்வு நிலையத்தில் பத்தாண்டு நடந்தது. தருக்க நிரலாக்கத்தை அடிப்படையாக வைத்து, பல செயலிகள் ஒன்றாக ஊகித்து அறியும் இயந்திரம் செய்வது நோக்கம். இயந்திரங்கள் செய்யப்பட்டன, ஓடின. ஆனால் அதற்குள் சாதாரண மைக்ரோபிராசசர்கள் மலிவாகவும் வேகமாகவும் வளர்ந்து தனி இயந்திரத்துக்கான தேவையைக் குறைத்துவிட்டன. பாடநூல்கள் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு "செயற்கை நுண்ணறிவு" என்று நிரப்பின.

இன்று பேசும் மென்பொருள்கள் ஓடுவது ஒரே நேரத்தில் ஏராளமான பெருக்கல், கூட்டல் செய்யும் வரைகலைச் செயலிகளிலும் அவற்றின் உறவினர்களிலும். அவையும் சிலிக்கானில் பதித்த டிரான்சிஸ்டர்தான், ரஷீத் பாயின் ஃபிளிப்ஃபிளாப் அங்கேயும் இருக்கிறது. வன்பொருளை வைத்துத் தலைமுறை பிரித்தால் நாம் இன்னும் நான்காவதில்தான் இருக்கிறோம். பலகையில் நான்காம் தலைமுறைக்கு "1971 – இன்று வரை" என்று போட்டு, ஜப்பான் திட்டத்தைப் பக்கத்தில் தனிக் கட்டமாக வையுங்கள். குவாண்டம் கணினியை இந்த வரிசையில் ஒட்ட வேண்டாம், அதன் பிட் வேறு வகை.

#12 பொங்கோல்_கவிதா

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளிப் பாடத்தாளில் ஐந்து தலைமுறை என்று இருக்கும் பிள்ளை குழம்பக் கூடாது. அந்தக் கட்டத்தில் "பல பாடநூல்கள் இதை ஐந்தாம் தலைமுறை என்று எண்ணும்" என்று ஒரு வரி சேருங்கள்.

#13 வால்வு_வேலன்

குமரன், வால்வைச் சுற்றி அக்ரிலிக் உறை வையுங்கள், கண்ணாடி தொட்டால் சுடும். மேலே காற்றுப் போக வழி விடுங்கள். சாக்கெட்டைப் பலகையில் திருகி இறுக்குங்கள், வால்வை மாற்றுவதானால் அணைத்து ஆறவிட்டுப் பிறகு நேராகத் தூக்குங்கள், ஆட்டி இழுத்தால் நடுவில் இருக்கும் வழிகாட்டிக் காம்பு உடையும். அது உடைந்தால் தவறான கோணத்தில் செருக வழி ஏற்பட்டுவிடும். இரண்டு வால்வு வாங்கி ஒன்றைக் கையிருப்பில் வையுங்கள். காலையில் ஒருமுறை போட்டால் மாலை வரை அணைக்காதீர்கள்.

#14 தெம்பனிஸ்_குமரன்

எல்லாருக்கும் நன்றி. மேசை வரிசை இப்படி: வால்வு, பிசி547 இரண்டு, 74எச்சி00, 62256, அதன் பின்னால் இசட்80. வளையத் தகடும் மெமரி அட்டையும் பலகைக்குக் கீழே. மடிக்கணினியில் மதி சொன்ன இரண்டு கணக்கு. சுற்றுகள் மூன்றுக்கும் ஒரே 5 வோல்ட் அடாப்டர், வால்வுக்குத் தனி 6.3. சனிக்கிழமை சிம் லிம் டவருக்குப் போகிறேன். 2.2 கிலோ ஓம் தடைக்கு கால் வாட் போதும்தானே, ரஷீத் பாய்?

#15 ஈசூன்_ரஷீத்

தாராளமாகப் போதும். 5 வோல்ட்டில் அதில் 12 மில்லி வாட்கூட விழாது. 74எச்சி00 கேட்கும்போது "டிப்" உறை (இரு வரிசை நீளக் கால்) என்று சொல்லி வாங்குங்கள், மேற்பரப்பில் பற்றவைக்கும் வகை கொடுத்துவிட்டால் பிரெட்போர்டு எனும் துளைப் பலகையில் செருக முடியாது.